பித்அத்: சொல் ஒன்று, பொருள் இரண்டு



பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தை ஒட்டி, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட அதன் ஒரு பகுதி நேராக மேலே எழும்பும். நாட்டில் இப்படியொரு கடல் பாலம் இதுவே முதல். புதுமைதான், ஆனால் இதை யாரும் பித்அத் என்று ஒதுக்குவதில்லை. ஏன்?

முன்மாதிரி இன்றி உண்டாவதே பித்அத்தின் மொழிப்பொருள். வானங்களையும் பூமியையும் அப்படிப் படைத்ததால்தான் அல்லாஹ்வை ‘பதீஉ’ என்கிறது குர்ஆன் (2:117). மார்க்க வழக்கில், ஆதாரமில்லாத ஒன்றை வணக்கமாக்குவதே பித்அத். அது ஏற்கப்படாது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது மார்க்கக் காரியத்தைப் பற்றித்தான் (புகாரி 2697).

ரமலான் இரவில் பிரிந்து பிரிந்து தொழுதவர்களை உமர் (ரலி) அவர்கள் ஒரே இமாமின் பின்னால் சேர்த்துவிட்டு, அதை நல்ல பித்அத் என்றார்கள் (புகாரி 2010). நபியவர்களே சில இரவுகள் ஜமாஅத்தாகத் தொழவைத்து, கடமையாகிவிடுமோ என்று அஞ்சி நிறுத்தியிருந்தார்கள். ஆகவே அது மார்க்கத்தில் புகுத்தியதல்ல.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பித்அத்தை நல்லது, கெட்டது எனப் பிரித்தார்கள். இமாம் ஷாத்திபி (ரஹ்) நல்ல பித்அத்தே இல்லை என்றார்கள். எந்தப் பொருளில் சொன்னார்கள் என்று பார்த்தால் இடைவெளி குறையும்.

எனவே ஒரு சகோதரரை ‘பித்அத்வாதி’ என்பதற்கு முன் கேளுங்கள்: அவர் செய்வது சாதனமா, வணக்கமா? பாங்கை ஒலிபெருக்கியில் சொல்வது சாதனம். பாங்கின் வாசகத்தில் கை வைப்பது வேறு.

நாவையும் வணக்கத்தையும் பேணும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.