கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மைக்குக் கைவைத்தியம்

குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை நைந்துபோனால், அதே மாதிரி புதிது வாங்கிக் கொடுத்தாலும் பிள்ளை தொடாது. அதற்கு வேண்டியது அந்தப் பழைய முகமும் பழகிய வாசனையும்தான். என் மகளின் யானைப் பொம்மைக்கு ஐந்து வருடமாக ஊசியும் கையுமாக உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை.

1. முதலில் தையல், பிறகுதான் துவையல். பிரிந்த பொம்மையைத் தண்ணீரில் போட்டால் பஞ்சு வெளியே வந்துவிடும். காது, கை, வால் சேரும் இடங்களை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் தெரிந்தால் அடுத்துப் பிரியப்போவது அங்கேதான்.

2. பிரிந்த ஓரங்கள் இரண்டையும் உள்பக்கமாக மடியுங்கள். முடிச்சு உள்ளே மறையும்படி ஊசியை உள்ளிருந்து வெளியே எடுங்கள். ஒரு மடிப்புக்குள் கால் சென்டிமீட்டர் ஓட்டி, நேர் எதிர் மடிப்பிலும் அதே அளவு ஓட்டுங்கள். இப்படி மாறி மாறி நாலைந்து முறை ஓட்டிவிட்டு நூலை இழுத்தால், ஓரங்கள் உதடு மூடுவதுபோல் சேர்ந்துகொள்ளும். தையலில் மாட்டிய ரோமத்தை ஊசிமுனையால் நெம்பி எடுத்துவிட்டால் தைத்த தடமே தெரியாது.

3. துணியே இற்றுப்போயிருந்தால் இழுத்துத் தைக்காதீர்கள், பக்கத்திலும் கிழியும். ஓட்டையைவிடப் பெரிய துண்டுத் துணியை உள்ளே கொடுத்து, சுற்றிலும் நெருக்கமாகத் தையுங்கள். பருத்தித் துணி என்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி இழுக்கும்.

4. கழுத்து தொய்ந்து தலை சாய்கிறதா? பாலியெஸ்டர் பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாகப் பிய்த்து, பென்சிலின் மழுங்கிய முனையால் உள்ளே தள்ளுங்கள். மொத்தமாகத் திணித்தால் கட்டி கட்டியாக நிற்கும். துவைக்க வேண்டிய பொம்மைக்கு இலவம்பஞ்சு ஒத்துவராது, நனைந்தால் கட்டிக்கொள்ளும்.

5. கண் ஆட ஆரம்பித்ததுமே முகத்தை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். மாற்றும்போது அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் பொம்மை வேறு ஆளாகிவிடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பட்டன், மணி வேண்டவே வேண்டாம். கழன்றால் வாயில் போட்டுத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கறுப்பு நூலில் கண்ணை எம்பிராய்டரி செய்துவிடுங்கள்.

6. துவைக்குமுன் வயிற்றை அமுக்கிப் பாருங்கள். பாட்டுப்பெட்டி, பேட்டரி இருந்தால் தையலைப் பிரித்து வெளியே எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்துவிடுங்கள். பிறகு பொம்மையைத் தலையணை உறைக்குள் போட்டு வாய் கட்டி, பச்சைத் தண்ணீரில் மெஷினின் மென்மையான ஓட்டத்தில் விடுங்கள். ரொம்பப் பழையது என்றால் கொஞ்சம் ஷாம்பு கலந்த தண்ணீரில் கையால் அமுக்கி அலசுவதே நல்லது.

7. நனைக்கக்கூடாத பொம்மையை ஒரு பையில் போட்டு, இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா தூவிக் குலுக்குங்கள். அரைமணி நேரம் கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டித் துலக்கினால் வாடை குறையும்.

8. முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அமுக்கினாலே ஈரம் இறங்கும். காதில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் காது நீண்டுவிடும், வலைப்பையில் போட்டுக் கொடியில் கட்டுங்கள். ஹேர் டிரையரின் சூட்டில் செயற்கை ரோமம் கருகிச் சுருளும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஐப்பசி மழையில் துவைக்காமல், நல்ல வெயில் நாளில் காலையிலேயே துவையுங்கள்.

9. தூசி ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள குழந்தையா? பொம்மையை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒருநாள் வைத்தால் தூசிப்பூச்சி செத்துவிடும். ஆனால் அதன் கழிவு ரோமத்திலேயே இருக்கும். பிறகு துவைத்தால்தான் பலன்.

10. பத்திரப்படுத்தும் பொம்மையோடு நாப்தலின் உருண்டை போடாதீர்கள். குழந்தை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் பொருள் அது. நன்றாக உலர்த்தி, பருத்திப் பையில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள்.

11. பிறந்த குழந்தைக்கு ஒரு வயது முடியும்வரை தூங்குமிடத்தில் எந்தத் துணிப்பொம்மையும் வைக்காதீர்கள். மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு.

12. குழந்தைக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். யானையின் தும்பிக்கையை நான் தைத்தபோது என் மகள் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, “மெதுவாம்மா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி முடிச்சைப் போடும்வரை அவள் அந்தக் காலை விடவில்லை.