முதியோரின் வாய்ச் சுத்தம்: நாம் மறந்த கித்மத்



நமது அறக்கட்டளை சார்பில் மாதந்தோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று வருகிறோம். பழம், பிஸ்கட், போர்வை என்று இயன்றதைக் கொடுப்போம், நலம் விசாரிப்போம், துஆச் செய்துவிட்டுத் திரும்புவோம். சென்ற முறை போனபோது, ஒரு மூதாட்டி மூன்று வாரமாகக் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றார்கள். "பெரியம்மாவுக்கு வயசாயிடுச்சு, சாப்பாடு இறங்கல" என்றார் பணியாளர். எங்களுடன் வந்திருந்த பல் மருத்துவர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். மேல் பல்செட்டை இரவும் பகலும் கழற்றாமலே வைத்திருந்திருக்கிறார். அதன் அடியில் அண்ணம் முழுவதும் சிவந்து புண்ணாகியிருந்தது. செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புண்ணுக்கு மருந்தும் போட்டதில் பத்தே நாளில் இட்லி சாப்பிடத் தொடங்கினார். அல்ஹம்துலில்லாஹ்.

பணியாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு முந்தைய மாதம் அதே கட்டிலருகில் நின்று அவர் கையில் ஆப்பிளைக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். அதை அவரால் கடிக்க முடியுமா என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

உளூ நின்றதும் வாயும் மறக்கப்படுகிறது

நடமாடும் காலத்தில் ஒரு முஸ்லிம் ஐவேளை உளூவிலும் வாய் கொப்பளிக்கிறார். படுக்கையில் விழுந்து, தண்ணீரைப் பயன்படுத்த இயலாத நிலை வந்ததும் தயம்மும் செய்கிறார். தயம்முமில் முகத்தையும் கைகளையும்தான் தடவுகிறோம். வாய் கொப்பளிப்பது அதில் இல்லை. ஆக, பராமரிப்பு மிகத் தேவைப்படும் அந்த நாட்களில்தான் வாய் அடியோடு மறக்கப்படுகிறது. மார்க்கம் தந்த சலுகை உளூவுக்குத்தான். வாய்ச் சுத்தத்தைக் கைவிடுவதற்கு அல்ல.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நேரத்தை எண்ணிப் பாருங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். அன்னையாரின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார்கள். நபியவர்களின் பார்வை அதன்மேல் நின்றதைக் கண்டு, வேண்டுமா என்று அன்னையார் கேட்டார்கள், நபியவர்கள் தலையசைத்தார்கள். குச்சி கடினமாக இருந்ததால் அன்னையார் அதை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை மிஸ்வாக்கின் சிறப்புக்காக நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நோயாளியின் பார்வையைப் புரிந்துகொள்ளவும், வலிக்காதபடி செய்யவும் பணிவிடை செய்வோருக்கு அதில் பாடம் இருக்கிறது.

வாயிலிருந்து நுரையீரலுக்கு

சுத்தம் செய்யாத வாயில் கிருமிகள் பெருகுகின்றன. விழுங்கும் திறன் குறைந்த முதியவருக்கு எச்சிலும் உணவுத் துணுக்கும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கிருமிகளும் கூடவே போகும். நிமோனியா வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. உணவுக்குப்பின் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டு, வாரம் ஒருமுறை பல் மருத்துவப் பராமரிப்பும் பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கு நிமோனியா வந்தது. அந்தக் கவனிப்பு இல்லாதவர்களில் அது 19 சதவீதம்.

சர்க்கரை நோய் ஈறு நோயை வளர்க்கும். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும். இரத்த அழுத்தம், மனச்சோர்வு போன்றவற்றுக்கான மாத்திரைகளில் பல வாயை உலர்த்துபவை. எச்சில் குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும்.

செய்ய வேண்டியவை

1. காலையிலும் இரவு உறங்குமுன்னும் மிருதுவான பிரஷ்ஷால், ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்துத் துலக்கிவிடுங்கள். துப்ப இயலாதவருக்கு மெல்லிய பூச்சளவு போதும். நனைத்துப் பிழிந்த துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள்.

2. நிமிர்த்தி உட்கார வைத்து, தலையைச் சற்று முன்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும்.

3. பல்லே இல்லாதவருக்கும் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றைத் துடைத்துவிட வேண்டும்.

4. பல்செட்டை இரவில் கழற்றி, பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் வடிவம் கெடும். டப்பாவில் பெயர் எழுதுங்கள். இல்லங்களில் செட்டுகள் மாறிவிடுகின்றன.

5. மறதி நோய் உள்ளவர் வாயைத் திறக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து வழிநடத்துங்கள். அப்போதும் மறுத்தால் அரை மணி நேரம் கழித்து முயலுங்கள்.

6. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வெற்றிலை, புகையிலை போட்டுப் பழகியவர்கள் விஷயத்தில் இது மிக அவசியம்.

ரமலானில் நோன்பு முறிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சில பெரியவர்கள் மாதம் முழுவதும் பேஸ்ட்டைத் தொடுவதில்லை. ஸஹர் உணவு முடித்து ஃபஜ்ருக்கு முன்பும், இஃப்தாருக்குப் பின்பும் துலக்கினால் ஐயத்துக்கே இடமில்லை.

ஒரு வேண்டுகோள்

வயதான பெற்றோரை இல்லத்தில் விட்டிருப்பவர்கள் அடுத்த முறை போகும்போது, "சாப்பிட்டீர்களா அத்தா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "மெல்ல முடிகிறதா? வாயில் எங்காவது வலிக்கிறதா?" என்றும் கேளுங்கள். உணவை ஒதுக்குவது, கன்னத்தில் அடக்கி வைப்பது, பல்செட்டைப் போட மறுப்பது ஆகியவை வாயில் ஏதோ கோளாறு இருப்பதைச் சொல்லும் அடையாளங்கள். வீட்டிலேயே பெரியவர்களை வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

இனி நமது மாதாந்திரப் பையில் பிஸ்கட்டைக் குறைத்து, ஸதக்கா நிதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு மிருதுவான பிரஷ், பேஸ்ட், பெயர் எழுதிய டப்பா வைக்க முடிவு செய்திருக்கிறோம். பல் மருத்துவம் பயின்ற சகோதர, சகோதரிகள் மாதத்தில் ஒரு முற்பகலை எங்களுக்குத் தந்தால், பணியாளர்களுக்குச் செய்முறைப் பயிற்சியும் கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

பேச இயலாத பெரியவர்களின் பார்வையைப் புரிந்துகொள்ளும் பக்குவத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.