பிரேக் போட்டால் கார் நடுங்குகிறதா?

திருமலைக்கு ஏறிப் போக ஒரு மலைப்பாதை உண்டு. இறங்கி வர வேறொரு மலைப்பாதை உண்டு. இறங்கும் பாதையில் அடிக்கடி பிரேக் போட வேண்டும்.

சித்தூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் அங்கே வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒரு நாள் மலை இறங்கி, சமவெளிச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். ஸ்டீயரிங் தடதடவென்று ஆடியது. வண்டி நின்றுவிட்டது. ஆனால், பின்னால் இருந்த பாட்டி பயந்துபோனார்.

"நாளைக்குச் சவாரி இருக்கிறது. பேட் மட்டும் மாற்றிவிட்டு வண்டியை எடு" என்றார் கார் முதலாளி.

டிரைவருக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் கேட்ட கேள்விகள்

"தம்பி, பிரேக் போடாதபோதும் ஆடுகிறதா?"

"இல்லை அண்ணே. பிரேக் போட்டால் மட்டும்தான்."

"அப்படியானால் வீல் பேலன்ஸ் குறை இல்லை. அது இருந்தால் வேகமாகப் போகும்போது சும்மாவே ஆடும். சரி, எங்கே ஆடுகிறது? கையிலா, சீட்டிலா?"

"ஸ்டீயரிங்கில்தான் அண்ணே."

"அப்படியானால் முன் சக்கரத்தை முதலில் பார்ப்போம். சீட்டும் தரையும் ஆடினால் பின் சக்கரத்தை முதலில் பார்க்க வேண்டும்."

டிஸ்க் என்றால் என்ன?

முன் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றும். அதுதான் டிஸ்க். அதன் இரு பக்கமும் பேட் என்ற கட்டைகள் இருக்கும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடும் தட்டை இறுக்கிப் பிடிக்கும். தட்டின் வேகம் குறையும். சூடு பிறக்கும்.

தட்டு எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரிடம் கனமாகவும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் பேடின் பிடி சீராக இருக்காது. இறுகும், தளரும். ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே நடக்கும். அதுதான் நடுக்கம்.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. சீரில்லாமல் தேய்ந்திருக்கும். அல்லது சூட்டில் பேடின் பொருள் ஓரிடத்தில் ஒட்டியிருக்கும்.

சோதனை

மெக்கானிக் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஜாக்கியால் வண்டியைத் தூக்கினார். ஸ்டாண்டு வைத்துத் தாங்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கக் கூடாது.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடலொடப்பு இல்லை. இருந்திருந்தால் பேரிங்கையும் பால் ஜாயின்டையும் பார்க்க வேண்டும்.

பிறகு சக்கரத்தைக் கழற்றினார். ஒரு பக்கக் காலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் தட்டை உரசிக்கொண்டே இருந்தது. தட்டில் நீலக் கறை தெரிந்தது. அது அதிகச் சூட்டின் அடையாளம்.

"தம்பி, தட்டின் ஓரத்தில் எண் இருக்கிறது. படி."

டிரைவர் துடைத்துவிட்டுப் படித்தார். "8."

"இந்த வண்டியின் தட்டு 8 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது. வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும்."

மெக்கானிக் மைக்ரோமீட்டரால் தட்டைச் சுற்றிலும் அளந்தார். டிரைவர் எண்களைத் தாளில் எழுதினார். ஓரிடத்தில் 8.12. இன்னோரிடத்தில் 8.16. வேறுபாடு 0.04 மில்லிமீட்டர். ஒரு நோட்டுத் தாளின் கனம்கூட இல்லை. ஆனாலும் ஸ்டீயரிங்கை ஆட்ட அது போதும்.

"லேத்தில் கடைந்து சமமாக்கலாமா அண்ணே?"

"கனம் மிச்சம் இருந்தால் கடையலாம். இதைக் கடைந்தால் 8-க்குக் கீழே போய்விடும். பேட் மட்டும் மாற்றினாலும் நடுக்கம் போகாது."

டிரைவர் முதலாளிக்குப் போன் செய்தார். தாளைப் பார்த்து எண்களைப் படித்தார். முதலாளி சற்று யோசித்தார். "சரி, மாற்று. பில் வாங்கிக்கொள்" என்றார்.

பழுது நீக்கியது

1. இரண்டு முன் சக்கரங்களுக்கும் புது டிஸ்க், புது பேட் மாட்டினார். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது.
2. டிஸ்க் உட்காரும் ஹப்பில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தார்.
3. காலிப்பர் பின்னைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய கிரீஸ் தடவினார். டிஸ்கிலும் பேடிலும் கிரீஸ் படாமல் பார்த்துக்கொண்டார்.
4. வீல் நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவாக முறுக்கினார். முறுக்கு ஏறுமாறாக இருந்தால் புது டிஸ்கும் நடுங்கும்.
5. காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை மெதுவாகப் பிரேக் போட்டார். இடைவெளி விட்டுப் பத்து முறை இப்படிச் செய்தார். இதனால் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழகும்.

நினைவில் வையுங்கள்

• மலை இறங்கும்போது சிறிய கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விடாதீர்கள்.
• சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
• பிரேக் தூளை ஊதாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.
• ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் திடீரென்று பலமாகப் பிரேக் போட்டால் பெடல் படபடக்கும். அது பழுது அல்ல.
• பிரேக் பெடல் தரைவரை இறங்கினால், அல்லது பிரேக் ஆயில் ஒழுகினால், வண்டியை ஓட்டாதீர்கள்.

பயிற்சி

1. பிரேக் போடாதபோதும் கார் ஆடினால் எதைப் பார்க்க வேண்டும்?
2. டிஸ்கின் ஓரத்தில் உள்ள எண் எதைக் குறிக்கிறது?
3. ஒரு டிஸ்கின் கனம் 9.2 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் வீதம் கடைந்தால் மீதி எவ்வளவு? ஓரத்தில் 8 என்று இருந்தால் அதைப் பயன்படுத்தலாமா?
4. முதலாளி சொன்னபடி பேட் மட்டும் மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கூடிப் பேசுங்கள்.