ஏரியைத் தூர்வாரும் செலவு யாருடையது?

ஏரி நிரம்பினால் சுற்றிலுமுள்ள கிணறுகளும் ஊறும். தூர்ந்துபோன ஏரியிலோ மழைநீர் அதிகம் தங்குவதில்லை. படிந்த வண்டல் அதை மண்ணுக்குள் இறங்கவும் விடுவதில்லை. அதைத் தூர்வாரும் செலவை யார் ஏற்பது?

நம் முன்னோர் கண்ட வழி குடிமராமத்து. ஏரியால் பயன்பெற்ற குடிகளே ஒன்றுகூடிக் கரையையும் வாய்க்காலையும் செப்பனிட்டனர். நாளடைவில் நலிந்துபோன அவ்வழக்கத்தைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் புதுப்பித்தது. முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செலவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பாசன விவசாயிகளுடையதாக இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் வேலையென்றால் அவர்கள் பங்கு 10,000 ரூபாய். அதைப் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தரலாம் என்றிருந்ததால் ஏழை உழவரும் பங்காளியானார்.

ஆனால் நிலத்தடி நீர் வரப்பை அறியாது. ஏரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலமும் இல்லாத செய்யாற்று வீட்டுக் கிணறும், ஆரணிப் பட்டுக்குச் சாயம் தோய்க்கும் பட்டறைக் கிணறும் மண்ணுக்குள் இறங்கிய மழைநீரையே நம்பியுள்ளன. உழவர் பத்துப் பங்கு தந்திருக்க, அதே நீரை இறைக்கும் நகரத்தார் ஒரு பங்கேனும் தருவது நியாயம் அன்றோ? நகராட்சியும் ஊராட்சியும் பாசன சங்கமும் கூடிப் பேசினால் அப்பங்கைப் பயனுக்கேற்பப் பிரிக்கலாம்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஏரியும் அவ்வாறே!