உரப்பையில் ரோசா

வீட்டுத் தோட்ட வகுப்புகளில் மிளகாயும் கத்தரியும் பேசி முடிந்தபின், "ரோசா வைத்தால் ஏன் பட்டுப்போகிறது?" என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். சமையலுக்கு உதவாத செடிக்கு இவ்வளவு கவலையா என்று யாரும் நினைக்க வேண்டாம். விட்டுவந்த வளவில் நின்ற செடியை எண்ணித்தான் பலர் கேட்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுள் சில இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. பிறர் காணியில் இருப்பவர் நிலத்தில் நீண்டகாலச் செடி எதையும் நடத் தயங்குவார். ஆகவே, போகும்போது தூக்கிச் செல்லக்கூடியதாக உரப்பையில் வளர்க்கும் ரோசாவைப் பற்றியே இங்கு சொல்கிறோம்.

மலைநாட்டிலிருந்து வாகனத்தில் வந்து விற்கப்படும் ஒட்டுச்செடி பார்வைக்கு அழகானது. ஆனால் குளிரில் பழகிய செடி நமது வெயிலில் சோர்ந்துவிடும். ஒட்டின் கீழிருந்து காட்டுத் தளிர் கிளம்பி மேற்செடியை மெல்ல அமுக்கிவிடுவதும் உண்டு. ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டுத் தளிர் என்பார்கள். அதை நம்பாதீர்கள், நல்ல ரோசாவிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். ஒட்டின் கீழ் என்றால் கத்தியால் வெட்டாமல் அடியோடு பிய்த்து எடுங்கள். வெட்டினால் மீண்டும் துளிர்க்கும்.

இதற்குக் காசு செலவழிப்பதிலும், அயலில் பல வருடமாகப் பூக்கும் வாசமுள்ள இளஞ்சிவப்பு ரோசாவில் ஒரு தடி கேட்டு வாங்குவது மேல். அது இந்த வெயிலையும் இந்தக் கிணற்று நீரையும் ஏற்கெனவே தாங்கிய செடி. சொந்த வேரில் வளர்வதால் காட்டுத் தளிர்த் தொல்லையும் இல்லை.

மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையே தடி நடும் காலம். பூத்து முடிந்த கொப்பில், பென்சில் தடிப்பில், 6 முதல் 8 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை விட்டு மற்றவற்றை அகற்றி, பாதித் தடியை மணல் கலந்த மண்ணில் புதையுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் மூடி நிழலில் வையுங்கள். நாலு முதல் ஆறு கிழமையில் வேர்விடும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் பழக்கத்தால்தான் பாதித் தடிகள் சாகின்றன!

இரண்டு மாதம் சென்றபின், ஓரடிக்குக் குறையாத ஆழமாக மடித்த உரப்பைக்கு மாற்றலாம். அடியில் துளைகள் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு போதும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் அடுப்புச் சாம்பலைக் கொட்டாதீர்கள். சாம்பலும் சுண்ணாம்பின் குணம் உள்ளதே. அத்தகைய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும். சவர்க்காரத் தண்ணீரும் ஆகாது.

இனி நோய்க்கு வருவோம். மாரியில் இலையில் கரும்புள்ளி விழுந்து, இலை மஞ்சளாகி உதிரும். இது ஒரு பங்கசு. இலை ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் தொடர்ந்து ஈரமாயிருந்தால்தான் அது தொற்றும். பின்னேரம் இலைமேல் தண்ணீர் ஊற்றுபவர் அந்த ஈரத்தைத் தாமே இரவு முழுவதும் கொடுக்கிறார். காலையில், அடியில் ஊற்றுங்கள். பைகளை நெருக்கி வைக்காதீர்கள். விழுந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள்.

சோளகக் காற்றுக் காலத்தில் நிலைமை வேறு. வரண்ட வெப்பத்தில் சிற்றுண்ணி இலையின் கீழ்ப்புறம் இருந்து சாற்றை உறிஞ்சும். இலை வெளிறி, நுண்ணிய வலை தெரியும். அப்போது காலையில் இலையின் கீழ்ப்புறத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவுவதே மருந்து. வெயில் விரைவில் உலர்த்திவிடுவதால் கரும்புள்ளிக்குப் பயமில்லை. மிளகாய்க்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தை இதற்கு அடிப்பது பலரின் வழக்கம். சிற்றுண்ணியைத் தின்னும் பூச்சிகள் அதனால் செத்து, சிற்றுண்ணி இன்னும் பெருகும். அந்தப் பூவைத்தான் பிள்ளை முகர்கிறது, தலையில் வைக்கிறது.

பூ வாடியதும், வெளிப்பக்கம் நோக்கிய ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே வெட்டுங்கள். ஏறக்குறைய ஆறு கிழமையில் அங்கே மீண்டும் பூக்கும். குளிர்நாட்டு நூல்களில் சொல்வதுபோல் அடிவரை வெட்டவேண்டாம். நமது செடி உறங்குவதில்லை. தை மாதத்தில் மூன்றிலொரு பங்கு குறைத்தால் போதும்.

நீண்ட காம்புள்ள நுவரெலியாப் பூவோடு சந்தையில் போட்டியிட முடியாது. ஆனால் வேர்விட்ட சிறு செடியைப் பையோடு விற்கலாம். ஒரு தாய்ச்செடி வருடத்துக்குப் பல தடி தரும்.

இடம் மாற நேர்ந்தால், முதல்நாள் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, நீண்ட கொப்புகளைக் குறைத்துக் கட்டுங்கள். புது இடத்தில் ஒரு கிழமை நிழலில் வைத்து, பின்பு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள். வெட்டிய கொப்புகளை எறியவேண்டாம். விட்டுப்போகும் அயலவருக்குக் கொடுங்கள்.