நடுக்குவாதக்காரருக்கு நடையும் துணையும்



கோவிலில் வழக்கமாய் ஒரே தூணருகே நின்று பூசை காணும் பெரியவர் ஒருவர் சில மாதமாய் வருகிறதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாரித்தால், "அவருக்கு யார்மேலோ கோபம், முகத்தை உம்மென்று வைத்திருக்கிறார்" என்பார் ஒருவர். "கை நடுங்குகிறதே, குடியாயிருக்கும்" என்பார் இன்னொருவர். வீட்டுக்குப் போய்ப் பார்த்தாலோ, மனிதர் கோபமாயும் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. நற்கருணை வாங்கக் கை நீட்டும்போது நாலுபேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தால் வாசற்படி இறங்காமலிருக்கிறார். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ, இப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். ஆதலால் இவ்வாரப் பாடம் அவரைப் பற்றியது.

இவ்வியாதியை நம்மவர் நடுக்குவாதம் என்பார்கள். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ம் வருஷத்தில் ஆறு நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் நடக்கக் கண்டே குறித்துக்கொண்டார். அவர் பெயராலேயே பார்க்கின்சன் நோய் என்கிறோம். நடுமூளையில் கருநிறமான ஒரு சிறு பகுதி உண்டு. சரீர அசைவை ஒழுங்காய் நடத்துகிற டோபமின் என்னும் பொருள் அங்கே உண்டாகிறது. அங்குள்ள அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதால் டோபமின் குறைகிறது; கை நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, முகத்தின் தசைகள் இறுகிச் சிரிப்பு வெளியே தெரியாமற் போகிறது. கோபமென்று நாம் நினைத்தது இதுதான். இது தொற்று வியாதியா? அன்று. செய்வினையா, சாபமா? அதுவும் அன்று. எல்லாருக்கும் நடுக்கம் இருக்குமா? சிலருக்கு நடுக்கமே இராது, மந்தமும் விறைப்பும் மாத்திரம் இருக்கும். பல வருஷத்துக்கு முன்னரே சிலருக்கு வாசனை தெரியாமற் போவதுண்டு. அடுப்பில் கருவாடு தீய்வதைத் தெரு முழுவதும் அறிய, வீட்டுக்காரர் மட்டும் அறியாதிருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். லெவோடோபா என்னும் மாத்திரையே முக்கியமானது. நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையில் அந்தப் பொருள் இருப்பதை 1937ல் சென்னையிலேயே பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காகப் பொடியை வாங்கித் தானே சாப்பிடலாகாது, அளவு பிசகும். மீன், முட்டை, பருப்பு இவைகளோடு மாத்திரையை விழுங்கினால் சிலருக்கு அது சரியாய் வேலை செய்கிறதில்லை. மீன் சோறே பிரதானமான நம் வீடுகளில் இதைக் கவனியுங்கள்: சாப்பாட்டுக்கு அரைமணி முன்பாக மாத்திரை போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

இனி அப்பியாசம். மாத்திரை நோயாளியின் கையில் இருக்கிறது. அப்பியாசமோ வீட்டார் கையிலும் ஊரார் கையிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 128 நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2018ல் வெளிவந்தது. வாரத்தில் 3 நாள் இருதயம் நன்றாய்த் துடிக்கும்படி வேகமாய் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வியாதிக்குறிகள் ஏறக்குறைய அப்படியே நின்றன. வழக்கம்போல் இருந்தவர்களுக்கோ அதிகப்பட்டன. அவர்கள் யந்திரத்தின்மேல் நடந்தார்கள். நமக்குக் கடற்கரை இருக்கிறது. உலர்ந்த மணலில் கால் புதைந்து விழ ஏதுவாகும். அலை வற்றிய ஈரமணல் கெட்டியாயிருக்கும், அங்கே நடக்கட்டும், பக்கத்தில் ஒருவர் கூடவே போகட்டும். மாத்திரை நன்றாய் வேலை செய்கிற நேரமே நடைக்கு ஏற்றது. இருதய நோயும் உள்ளவர் டாக்டரைக் கேட்டே வேகம் கூட்டவேண்டும்.

நடக்கும்போது சிலருக்குக் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். பெரும்பாலும் வாசற்படியிலும் திரும்பும் இடத்திலுமே அப்படி ஆகும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துபோவார். சற்றே நின்று, அவர் முன்னே உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்கள் ஐயா" என்று சொல்லுங்கள், தாண்டிவிடுவார். தரையில் சுண்ணாம்புக் கோடுகள் கிழித்தாலும் அப்படியே. தாமாய் நடக்க மறந்த கால் அடையாளத்தைக் கண்டால் எழும்புகிறது, தாளத்தைக் கேட்டாலும் எழும்புகிறது. கரைவலை இழுக்கிறவர்கள் குரல் கொடுத்து இழுக்கிறதை நாம் அறிவோம். ஒரு குரலுக்கு ஓர் அடி என்று எண்ணி நடத்திப் பாருங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் வள்ளம் திரும்புவதுபோல் அகலமாய் வளைந்து திரும்பவேண்டும். நாற்காலியிலிருந்து கைபிடியாமல் பத்துத்தரம் எழுந்து உட்காருவதும் நல்லது. குரல் தேய்ந்தவருக்குச் சத்தமாய்ச் செபமாலை சொல்லுவதே ஓர் அப்பியாசமாகும். வீட்டார் அவருக்காக முந்திக்கொண்டு சொல்லிமுடித்துவிடாதிருந்தால் போதும்.

தனியாய்ச் செய்கிற அப்பியாசம் ஒரு மாதத்தில் நின்றுபோகும். மும்பையில் 2001ல் தொடங்கிய பார்க்கின்சன் சங்கம் நோயாளிகளையும் வீட்டாரையும் ஒன்றாய் உட்காரவைத்து அப்பியாசமும் பேச்சும் நடத்தி வருகிறது. அதே வருஷம் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து நடனக்குழு ஒன்று இவர்களுக்காகவே நடன வகுப்பு தொடங்கிற்று. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஆண்கள் ஊரிலிருக்கிறார்கள். வாரம் மூன்று மாலை நாலு பெரியவர்களை நடக்கக் கூட்டிப்போக அப்போது தொடங்கினால், கடலுக்குப் போகத் தொடங்கும்போது பழக்கம் ஊன்றியிருக்கும். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் வழியுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வெட்கப்படுகிறவருக்கு ஒன்று சொல்லுங்கள். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பருக்குப் பிற்காலத்தில் இதே வியாதிதான். நடுங்குகிற கையை அவர் ஒளிக்கவில்லை. 2005 மார்ச் 27, பாஸ்கு ஞாயிறன்று ஜன்னலருகே வந்து பேச முயன்றார். குரல் வரவில்லை, கையால் ஆசீர்வதித்தார். உலகமெல்லாம் அதைப் பார்த்தது.

கவனித்துக்கொள்ளுகிறவரை நாம் கவனிக்கிறோமா? பெரும்பாலும் அது மனைவி அல்லது மருமகள். இராத்திரி புரட்டிப் படுக்கவைக்க நாலுதரம் எழுந்தவள் காலையில் கடலுக்குள் இறங்கிப் பாசி எடுக்க வேண்டியவளாயிருக்கிறாள். பாசி எடுக்கும் நாட்களோ அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள்தான். அவைகளில் ஒன்று தவறினால் அந்த வருமானம் போயிற்று. "ஏதாவது வேண்டுமானால் சொல்லம்மா" என்று வாசலில் நின்று கேட்டால் அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் ஒரு தாளில் அந்த 12 நாளையும் எழுதி, எந்த நாள் காலையில் யார் போய்ப் பெரியவரோடு இருப்பார் என்று பெயர் குறிக்கட்டும். மாத்திரை நேரத்தையும், கஞ்சி குடிக்கும்போது அவரை நிமிர்ந்து உட்காரவைக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடலாம்.