தகடும் வில்லையும்

சென்ற திங்களில் நம் விடுதி மாணவர் ஒருவர் ஓர் ஐயத்துடன் என்பால் வந்தார். காமிரா ஒன்று வாங்குதற்கென்று அவருடைய தமையனார் ஈராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையை அனுப்பியிருந்தார். மனிதர் முகங்களைப் படமெடுத்தலே அம்மாணவரின் வேட்கை. தொகை முழுவதையும் கொடுத்தால் பெரிய சென்சார் பொருந்திய காமிராவும், அதனுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண லென்சும் கிடைக்கும். சிறிய சென்சாருள்ள காமிராவைக் கொண்டாலோ, எஞ்சிய பணத்தில் உருவப்படத்திற்கேற்ற தனி லென்சு ஒன்றும் வாங்கலாகும். நண்பர் யாவரும் பெரிய சென்சாரையே புகழ்ந்தனராம். “ஐயா, எதனை வாங்குவேன்? இப்பணம் இன்னொரு முறை வராது” என்றார். அவருக்கு யான் கூறிய விடை, அந்நிலையில் நிற்கும் ஏனையோர்க்கும் பயன்படுமென்று கருதி, ஈண்டுச் சிறிது விரித்தெழுதுகின்றேன்.

சென்சார் என்பது, முன்னாளிற் பிலிம் இருந்த இடத்தில் இந்நாளில் அமைந்துள்ள சிலிக்கன் தகடாம். லென்சு குவித்த ஒளி அதன்மேல் விழுங்கால், ஒவ்வொரு சிறு கட்டத்திலும் மின்னணுக்கள் விடுபட்டுச் சேர்கின்றன. சேர்ந்த அளவை எண்ணாக மாற்றிப் படமாக்குவர். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் சி.சி.டி. எனப்படும் வகையைக் கண்டுபிடித்தனர். அதன்பொருட்டு 2009-ல் நோபெல் பரிசில் அவர்கட்குப் பங்கு கிடைத்தது. இன்றைய காமிராக்களிற் பெரும்பாலும் காணப்படுவது சீமாஸ் என்னும் பிறிதொரு வகை.

இத்தகடுகள் அளவால் வேறுபடும். ஃபுல் ஃபிரேம் என்று போற்றப்படுவது 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இவ்வளவு எங்கிருந்து வந்ததெனின், ஜெர்மனி நாட்டில் லைட்ஸ் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஆஸ்கார் பார்னாக் என்பார், சினிமாப் பிலிமின் கட்டம் இரண்டினை ஒன்றாக்கித் தம் சிறு காமிராவை அமைத்தனர். அது லைகா என்னும் பெயருடன் 1925-ல் வெளிவந்தது. அக்காலத்திற் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கையாண்டோர் இதனைச் சிறு பிலிம் என்றே கருதினர். அச்சிறியதே இன்று பெருமைக்கு அளவுகோலாயிருத்தல் நகைத்தற்குரியது. இதனிற் சிறியதாகிய ஏ.பி.எஸ்.-சி தகடு ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டருக்கு 15.6 மில்லிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது அதனினும் சிறிது. முன்னிரண்டின் பரப்பை ஒப்பிடின், பெரியது 864 சதுர மில்லிமீட்டர், சிறியது 367. அஃதாவது, ஒரே துவாரமும் ஒரே நேரமும் வைத்துப் படமெடுக்குமிடத்துப் பெரிய தகடு 2.3 மடங்குக்குச் சற்று மேற்பட்ட ஒளியைப் பெறும். ஒளி மிகுந்தால், மங்கிய விளக்கில் எடுத்த படத்தின்மேற் புழுதி படிந்தாற்போலத் தோன்றும் புள்ளிகள் குறையும். பெரிய தகட்டின் சிறப்பு உண்மையே, இந்த 2.3 என்னும் எண்ணை மட்டும் படிப்போர் நினைவில் வைக்க.

பிக்சல் தொகையைப்பற்றி நீளப் பேசவேண்டுவதில்லை. நீளத்தில் 6000, அகலத்தில் 4000 பிக்சல்கள் உள்ள படத்தை அங்குலத்திற்கு 300 வீதம் அச்சிட்டால், 20 அங்குல நீளமும் 13 அங்குலத்திற்குமேல் அகலமும் வரும். வீட்டுச் சுவருக்கு இது சாலும்.

இனி, லென்சு. யான் முதன்முதற் காமிரா வாங்கியகாலை, உள்ள பணத்தையெல்லாம் காமிராவிற்கே கொடுத்துவிட்டு, அதனோடு வந்த 18 முதல் 55 மில்லிமீட்டர்வரை நீளும் லென்சையே கொண்டு வீடு சேர்ந்தேன். என் பாட்டியார் அறையில் வெளிச்சம் குறைவு. 18 மில்லிமீட்டரில் வைத்தால் அந்த லென்சின் துவாரம் சற்று அகலுமென்று அறிந்து, அவர்முன் ஒரு முழ அளவில் நெருங்கியிருந்து எடுத்தேன். படத்தைப் பார்த்த பாட்டியார், “இவள் யாரடா?” என்று வினவினார். மூக்குப் பருத்து, காதுகள் பின்னுக்கு ஓடியிருந்தன. யான் லென்சைப் பழித்தேன். பிழை என் தூரத்தினது.

இதன் காரணம் எளிய கணக்கே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். 45 சென்டிமீட்டர் தூரத்தினின்று நோக்கின், மூக்கு 45-லும் காது 57-லும் இருக்கும். ஆகவே மூக்கு, காதை நோக்க நூற்றுக்கு 27 பங்கு பெருத்துத் தோன்றும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலோ அம்மிகை நூற்றுக்கு 6 பங்கேயாம். முகத்தின் வடிவைத் திரிப்பது லென்சுமன்று, தகடுமன்று, நிற்குமிடமே. ஆயினும், இரண்டு மீட்டரில் நின்று தலையும் தோளும் மட்டும் சட்டத்தை நிரப்பவேண்டுமாயின், ஃபுல் ஃபிரேமில் 85 மில்லிமீட்டர் குவியதூரமும், ஏ.பி.எஸ்.-சி தகட்டில் 50 அல்லது 56 மில்லிமீட்டரும் வேண்டும். உருவப்பட லென்சு என்னும் பெயர் இதனால் எய்தியது.

இப்பெயருக்குரிய முதல் லென்சு மிகப் பழையது. 1839-ல் டாகேர் என்பாரின் முறை பாரிசில் வெளியிடப்பட்டகாலை, படத்திற்கு இருப்போர் பல நிமிடம் அசையாதிருத்தல் வேண்டியதாயிற்று. உயிருள்ள முகத்திற்கு இயல்வதோ அது? வியன்னா நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், 1840-ல் எப் 3.6 என்னுமளவு அகன்ற துவாரமுடைய லென்சைக் கணக்கிட்டமைத்தார். ஃபாய்க்ட்லாண்டர் என்பார் அதனைச் செய்து விற்றனர். அதனாற் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. பின்னர் அவ்விருவரும் பகைத்துப் பிரிந்தது வேறு கதை. இங்கு நோக்கத்தக்கது, முகப்படத்தை இயல்விக்க முதலில் விரிந்தது தகடன்று, துவாரமே என்பது.

துவாரத்தின் கணக்கு வருமாறு: எப் எண் சிறுத்தால் துவாரம் பெருகும்; ஒளி அவ்வெண்களின் வர்க்கப்படி மாறும். சாதாரண லென்சு, முகத்திற்குரிய குவியதூரத்திற்கு நீட்டியவிடத்து, எப் 5.6 அளவிலோ அதனினும் குறுகியோ நிற்கும். எப் 1.8 உடைய 50 மில்லிமீட்டர் லென்சு, அதனினும் ஒன்பதரை மடங்கு ஒளியை விடும். இப்பொழுது முன்கூறிய 2.3-ஐ எதிர்வைத்துப் பார்க்க. சாதாரண லென்சு பூட்டிய பெரிய தகட்டைவிட, எப் 1.8 பூட்டிய சிறிய தகடு மொத்தத்தில் நான்கு மடங்கு ஒளியைப் பெறுகின்றது. அந்த லென்சின் விலையோ, இரு காமிராக்களின் விலை வேறுபாட்டிற் சிறு பங்கேயாம். பணம் மிகவுடையார்க்கு வழி வேறு: சிறிய தகட்டில் எப் 1.2 உள்ள 56 மில்லிமீட்டர் லென்சும், பெரிய தகட்டில் எப் 1.8 உள்ள 85 மில்லிமீட்டர் லென்சும் ஏறத்தாழ ஒரே படத்தைத் தரும். ஈரிடத்தும் துவாரத்தின் குறுக்களவு 47 மில்லிமீட்டரே. ஆதலின் இரண்டின் மொத்த விலையையும் கூட்டிப் பார்த்தே அவர் துணிதல் வேண்டும்.

அகன்ற துவாரத்திற்கு ஓர் இடரும் உண்டு. 85 மில்லிமீட்டர் லென்சை எப் 1.8-ல் திறந்து இரண்டு மீட்டரில் வைத்தால், தெளிவாய்த் தோன்றும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டரே. கண் தெளிந்தால் காது மங்கும். எப் 4-க்குச் சுருக்கின் 13 சென்டிமீட்டராகி முகம் முழுதும் அடங்கும். பின்புறம் கரைந்தொழுகுவதே அழகென்று எண்ணி எப்பொழுதும் முற்றத் திறந்து வைப்போர், தாத்தாவின் ஒரு கண்ணை மட்டும் படமெடுத்து வருவர்.

மாணவருக்கு யான் சொன்னது இது: சிறிய தகடும், எப் 1.8 உள்ள 50 மில்லிமீட்டர் லென்சும் கொள்க. ஃபுல் ஃபிரேமிற்கும் போதியதாய் அமைந்த லென்சாகவும், அவ்வினத்துப் பெரிய காமிராவிலும் பூட்டத்தக்கதாகவும் பார்த்துத் தெரிக; பிற்காலத்திற் காமிராவை மாற்றினும் லென்சு நிற்கும். கடையில், உடன்வந்த நண்பரைச் சன்னலருகே இரண்டு மீட்டரில் நிறுத்தி, இரு காமிராவிலும் அதே முகத்தை எடுத்து, வீட்டிற்குக் கொணர்ந்து பெரிதாக்கிப் பார்க்க. மலைக்காட்சியும் விளையாட்டும் எடுப்போர்க்கு இவ்விடை பொருந்தாது. அவர்கட்கு வேறு கணக்குண்டு.

அவர் இன்னும் வாங்கவில்லை. யாரோ பயன்படுத்திய லென்சு ஒன்று குறைந்த விலைக்கு வருகின்றதென்று நேற்று வந்து சொன்னார். நம்மூர் ஈரக்காற்றில் லென்சினுள்ளே பூஞ்சை படர்தல் உண்டு. துவாரத்தை முற்றத் திறந்து, கைவிளக்கை ஒருபுறமிருந்து அடித்து, மறுபுறமிருந்து நோக்கி, நூல் நூலாக வெள்ளை ஏதேனும் தென்படுகின்றதா என்று பார்த்து வருமாறு அனுப்பியுள்ளேன்.